டிடி-டிஜிக்கு ஐசிசி 0.88 வந்தும் ஒரே முழங்காலில் 4 மி.மீ. வித்தியாசம்: எந்த அளவை நம்புவது?

முட்டிச்சில்லு கேட்டது:

வணக்கம். முழங்கால் சில்லு அடிக்கடி விலகுபவர்கள், முன்முழங்கால் வலி உள்ளவர்கள் என 30 பேருக்கு 12 வாரத் தசைப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிடும் ஆய்வுக்கு நெறிமுறை எழுதிக்கொண்டிருக்கிறோம். அளக்க நினைப்பவை நான்கு: டிடி-டிஜி தூரம் (தொடை எலும்பில் சில்லு ஓடும் பள்ளமான ட்ரோக்லியாவுக்கும், கீழ்க்கால் எலும்பில் சில்லுத் தசைநாண் ஒட்டும் மேடான ட்யூபர்கிளுக்கும் இடையிலான பக்கவாட்டுத் தூரம்), சில்லின் சாய்வுக் கோணம், பைசெக்ட் ஆஃப்செட் (சில்லின் அகலத்தில் எவ்வளவு பள்ளத்தின் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருக்கிறது என்பது), கேட்டன்-டெஷாம்ப் விகிதம் (சில்லு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது).

முன்னோட்டமாக 12 முழங்கால்களை இருவர் தனித்தனியே அளந்தார்கள். டிடி-டிஜிக்கு ஐசிசி (இருவரின் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.88 வந்தது; முழங்கால்களுக்கு இடையிலான திட்ட விலக்கம் 4.2 மி.மீ. கட்டுரைகள் சொல்லும் தரவரிசைப்படி 0.75-க்கு மேல் என்றால் 'நல்லது'. ஆனால் வரிவரியாகப் பார்த்தால் 12-இல் மூன்று முழங்கால்களில் இருவரும் 3 முதல் 4 மி.மீ. வேறுபடுகிறார்கள். இதுபோக, ஒருவருக்கு முன்பு எடுத்த சிடி ஸ்கேனில் டிடி-டிஜி 21 மி.மீ., எங்கள் எம்ஆர்ஐயில் 16 மி.மீ. இடையில் எந்த அறுவையும் நடக்கவில்லை.

என் கேள்விகள்: இந்த 21-க்கும் 16-க்கும் எது காரணம்? 0.88 என்பதை வைத்துக்கொண்டு ஒரு நபரிடம் எத்தனை மி.மீ. மாறினால் 'உண்மையிலேயே மாறியது' என்று சொல்லலாம்? நான்கு அளவுகளில் எதைக் கைவிடலாம்?

---

குறுக்குவெட்டு (கதிரியக்கவியல்):

21, 16 இரண்டுமே சரியாக அளக்கப்பட்டிருக்கலாம். அவை ஒரே பொருளை அளக்கவில்லை, அதுதான் சிக்கல்.

முதலில் முழங்காலின் மடக்கம். சிடியில் கால் நீட்டி வைக்கப்படும். எம்ஆர்ஐயில் முழங்காலைச் சுற்றி மாட்டும் காயிலுக்குள் (சிக்னலைப் பிடிக்கும் கருவி) கால் பெரும்பாலும் 10 முதல் 20 டிகிரி வரை மடங்கியே இருக்கும். முழங்கால் கடைசியாக நீளும்போது கீழ்க்கால் எலும்பு வெளிப்புறமாகத் திரும்புகிறது, அதோடு ட்யூபர்கிளும் வெளியே போகிறது. மடக்கினால் அது திரும்பி வருகிறது. ஒரே முழங்கால்களை வெவ்வேறு மடக்கத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வில் முழு நீட்டலில் சராசரி சுமார் 15 மி.மீ., 15 டிகிரியில் 10, 30 டிகிரியில் 8 என்று இறங்கியது. அளப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த 5 மி.மீ.யைத் திருத்த முடியாது. படத்திலேயே அது பதிந்துவிட்டது. கணக்காகவும் பார்க்கலாம்: சுழல் அச்சிலிருந்து ட்யூபர்கிள் 40 மி.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்தால், கீழ்க்கால் ஒரு டிகிரி திரும்பினால் தூரம் 0.7 மி.மீ. மாறும்.

இரண்டாவது, கால் மேசையில் கிடக்கும் சாய்வு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பள்ளத்தைக் குறிக்கும் ஸ்லைசுக்கும் (ஸ்லைஸ் என்பது படத்தின் ஒரு வெட்டு) ட்யூபர்கிளைக் குறிக்கும் ஸ்லைசுக்கும் இடையே 60 மி.மீ. உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் நீள அச்சுக்குக் கால் 3 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அந்த 60 மி.மீ.யில் 3 மி.மீ. பக்கவாட்டுத் தூரமாகப் போலியாகச் சேரும், அல்லது குறையும். கால் முழுவதும் உள்ளேயோ வெளியேயோ உருண்டிருந்தால் பின்கான்டைல் கோடு (தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள கான்டைல்கள் என்ற இரு உருண்டைகளின் பின்விளிம்புகளைத் தொடும் கோடு) அதைச் சமன்செய்துவிடும். இந்தச் சாய்வை அது சமன்செய்யாது. சிடி என்றால் தரவை மறுவெட்டு செய்து கீழ்க்காலின் நீள அச்சுக்குச் செங்குத்தாக ஆக்சியல் (குறுக்குவெட்டு) படம் எடுங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள இருபரிமாண எம்ஆர்ஐயில் மறுவெட்டு மங்கிவிடும், ஆகவே திட்டமிடும்போதே ஸ்லைஸ்களைச் சரியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, புள்ளிகள். சிடியில் எலும்பின் ஆழமான இடத்தையும் ட்யூபர்கிளின் முன்முனையையும் குறிக்கிறார்கள். எம்ஆர்ஐயில் குருத்தெலும்பின் ஆழமான இடமும் தசைநாண் ஒட்டும் இடத்தின் நடுவும். எலும்பின் ஆழப்புள்ளிக்கு நேர்மேலே குருத்தெலும்பின் ஆழப்புள்ளி இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2006-இல் ஷோட்டில் குழு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றது. 2013-இல் கேம்ப் குழு, சில்லு விலகுபவர்களிடம் எம்ஆர்ஐ சராசரியாக 2 மி.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டுகிறது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுக்கக்கூடாது என்றது. இரண்டாவது முடிவையே பின்பற்றுங்கள். உங்கள் ஆய்வுக்கும் அதுதான் பாதுகாப்பு.

நெறிமுறையில் இப்படி எழுதினால் இருவர் வேறுபடும் வாய்ப்பு குறையும்:

1. இரண்டு கான்டைல்களும் முழுதாகத் தெரியும் ஒரு ஆக்சியல் ஸ்லைசில் பின்கான்டைல் கோடு போடுங்கள். அந்த ஸ்லைஸ் எண்ணைப் பதியுங்கள்.
2. மேலிருந்து கீழே வரும்போது பள்ளம் முழுவதையும் குருத்தெலும்பு மூடியிருக்கும் முதல் ஸ்லைசில் ஆழமான புள்ளி. அங்கிருந்து கோட்டுக்குச் செங்குத்து.
3. சில்லுத் தசைநாண் முழு அகலத்துக்கும் ட்யூபர்கிளில் ஒட்டியிருக்கும் முதல் ஸ்லைசில் ஒட்டிய பகுதியின் நடுப்புள்ளி, அங்கிருந்தும் செங்குத்து.
4. இரண்டு செங்குத்துகளுக்கும் இடையே, பின்கான்டைல் கோட்டுக்கு இணையாகத் தூரம்.

இருவரும் 3–4 மி.மீ. வேறுபட்ட அந்த மூன்று முழங்கால்களையும் திறந்து ஸ்லைஸ் எண்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: வெவ்வேறு ஸ்லைஸ், அல்லது பள்ளமே தட்டையாக உள்ள ட்ரோக்லியா. தட்டையாகவோ மேடாகவோ இருக்கும் ட்ரோக்லியாவில் 'ஆழமான புள்ளி' என்று ஒன்று கிடையாது. ஆளுக்கொரு இடத்தில் வைப்பார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்: சில்லு அதிகம் விலகுபவர்களிடமே ட்ரோக்லியா தட்டையாக இருக்கும். ஆகவே அளவு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே அது மிகவும் தளர்ந்துபோகிறது. நல்ல பள்ளம் உள்ள ஆரோக்கியமான முழங்கால்களில் கிடைத்த ஐசிசியை இவர்களுக்குப் பொருத்தவே கூடாது.

---

சராசரிவிலகல் (உயிரிப்புள்ளியியல்):

உங்கள் 0.88-ம் அந்த 4 மி.மீ.யும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

அளவீட்டின் திட்டப்பிழை = திட்ட விலக்கம் × (1 − ஐசிசி)-யின் வர்க்கமூலம். 4.2 × 0.346 = 1.45 மி.மீ. இரண்டு முறை அளந்து வித்தியாசம் பார்ப்பதால் இதை 1.96-ஆலும் 2-இன் வர்க்கமூலத்தாலும், அதாவது 2.77-ஆல், பெருக்குங்கள்: 4.0 மி.மீ. ஒரு நபரிடம் 4 மி.மீ.க்குள் வரும் மாற்றத்தை அளவீட்டுச் சத்தத்திலிருந்து பிரிக்க முடியாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை, ஆனால் கீழே சொல்லும் நிபந்தனைகளோடு.

ஐசிசி என்பது முழங்கால்களுக்கு இடையிலான பரவலோடு பிழையை ஒப்பிடும் விகிதம். அதே 1.45 மி.மீ. பிழையை வைத்துக்கொண்டு, விலகல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கலந்து திட்ட விலக்கத்தை 6 மி.மீ. ஆக்கினால் ஐசிசி 0.94 ஆகிவிடும். எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், திட்ட விலக்கம் 2.5 மி.மீ. என்றால் 0.66. அளந்த கை மாறவில்லை, அளந்த முறை மாறவில்லை, எண் மட்டும் 'மிகச்சிறப்பு' முதல் 'நடுத்தரம்' வரை ஓடுகிறது. ஆகவே கட்டுரைகளைப் படிக்கும்போது ஐசிசியைத் தாண்டி, மி.மீ.யிலோ டிகிரியிலோ பிழையைக் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கொடுக்காவிட்டால் திட்ட விலக்கத்தை எடுத்து நீங்களே கணக்கிடலாம்.

அடுத்து, எந்த ஐசிசி? இருவழி மாதிரியில் 'ஒத்திசைவு' வகை, ஒருவர் எப்போதும் 3 மி.மீ. கூடுதலாக அளந்தாலும் கண்டுகொள்ளாது, 0.95 காட்டும். உங்களுக்குத் தேவை 'முழு உடன்பாடு' வகை, தனி அளவுக்கானது. பொதுவாக ஐசிசி 2,1 என்று எழுதுவார்கள். மென்பொருளில் சராசரி அளவுக்கான எண் பக்கத்திலேயே வரும், பெரிதாகவும் இருக்கும். அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கூடவே பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் (இருவரின் வித்தியாசத்தை அவர்கள் அளவுகளின் சராசரிக்கு எதிராக வரைவது) அவசியம். தூரம் கூடக்கூட வித்தியாசமும் விரிந்தால் ஒரே ஒரு பிழை எண் எல்லாருக்கும் பொருந்தாது.

12 முழங்கால்கள் மிகக் குறைவு. இருவர் அளந்த 12-இல் வந்த 0.88-இன் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.64 முதல் 0.96 வரை நீள்கிறது. 30 இருந்தால் 0.76 முதல் 0.94. ஒரே நபரின் இரு முழங்கால்களையும் இரண்டாக எண்ணியிருந்தால் இந்த இடைவெளியும் பொய்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: நீங்கள் செய்தது ஒரே படத்தை இருவர் அளந்தது. அதில் வாசிப்புப் பிழை மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஆய்வில் 12 வாரம் கழித்து நபர் எழுந்துபோய்த் திரும்பி வந்து மறுபடி படுப்பார். குறுக்குவெட்டு சொன்ன மடக்கமும் சாய்வும் அப்போதுதான் உள்ளே வரும். ஆகவே 4 மி.மீ. என்பது கீழ்வரம்பு.

---

தசைநாண் (எலும்பு அறுவை):

இருவரும் சொன்னதோடு ஒரு அடிப்படைக் கேள்வி. டிடி-டிஜியை ஏன் பயிற்சியின் பலனைக் காட்டும் அளவாக வைக்கிறீங்க? அது எலும்புகளின் அமைப்பு. 12 வாரப் பயிற்சியில் ட்யூபர்கிள் இடம் மாறாது. இரண்டாவது எம்ஆர்ஐயில் டிடி-டிஜி 3 மி.மீ. குறைஞ்சிருந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியிருந்ததுங்கறதைத்தான். தொடக்கத்தில் ஒருமுறை அளந்து, யாருக்கு எலும்புக் கோளாறு கூடுதல்னு பிரிக்க வெச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப அளக்கறதா இருந்தா, மாறக்கூடாத அளவு மாறுதான்னு பொசிஷனைச் சோதிக்க அது நல்ல கருவி.

20 மி.மீ. என்ற எல்லை 1994-இல் லியோனைச் சேர்ந்த டெஜூர் குழு சிடியில், நீட்டிய காலில் தந்தது. காயிலுக்குள்ள மடங்கின கால் எம்ஆர்ஐக்கு அதை அப்படியே போட்டா, ட்யூபர்கிளை நகர்த்த வேண்டியவங்க பலர் 'சரியாயிருக்கு' பட்டியல்ல போயிடுவாங்க. 19-க்கும் 21-க்கும் நடுவில கோடு கிழிச்சு அறுவையை முடிவு பண்றதும் தப்பு. பிழையே அதைவிடப் பெரிசு. ஆள் உயரமா இருந்தா தூரமும் கூடும், அதையும் மறக்கக்கூடாது.

தட்டை ட்ரோக்லியா உள்ளவங்களுக்கு டிடி-பிசிஎல் (ட்யூபர்கிளுக்கும் பின்சிலுவைத் தசைநாருக்கும் இடையிலான தூரம்) சேர்த்து அளங்க. 2012-இல் சைட்லிங்கர் குழு தந்தது, எல்லை 24 மி.மீ. பின்சிலுவைத் தசைநாரின் உட்புற விளிம்பு, ட்யூபர்கிள் ரெண்டுமே கீழ்க்கால் எலும்பில இருக்கறதால மடக்கமும் சுழற்சியும் பெரிசா பாதிக்காது, பள்ளத்தைத் தேடற வேலையும் இல்லை. ஆனா தொடைப் பக்கத்துக் கோளாறு இதில தெரியவே தெரியாது. டிடி-டிஜிக்கு மாற்றுன்னு நினைக்காம துணைக்கு வெச்சுக்கோங்க.

சில்லு உயரம் பத்தி. கேட்டன்-டெஷாம்ப், இன்சால்-சால்வாட்டி ரெண்டும் விகிதம், அதனால எக்ஸ்ரேயில பெரிதாக்கம் எவ்வளவுன்னு தெரியாட்டியும் பரவாயில்லை. ஆனா கேட்டன்-டெஷாம்பில் ஒரு பொறி இருக்கு. சில்லின் மூட்டுப்பரப்பு முடியற கீழ்ப்புள்ளி, மேலெண் (அங்கிருந்து கீழ்க்கால் எலும்பு வரை தூரம்), கீழெண் (மூட்டுப்பரப்பின் நீளம்) ரெண்டுக்குமே பொது. கீழ்க்கால் வரை 34 மி.மீ., மூட்டுப்பரப்பு 30 மி.மீ. என்றால் 1.13, இயல்பு. அந்த ஒரு புள்ளியை 2 மி.மீ. மேல வெச்சுட்டா 36-க்கு 28, அதாவது 1.29. சில்லு மேலே இருக்குன்னு ரிப்போர்ட் வந்துடும், ஏன்னா எல்லை 1.2. எக்ஸ்ரேயில எலும்பு விளிம்பு, எம்ஆர்ஐயில குருத்தெலும்பு விளிம்பு, எதைன்னு முதல்லயே எழுதி வெச்சுடுங்க.

இன்சால்-சால்வாட்டி தசைநாண் நீளத்தைச் சில்லோட முழு நீளத்தால வகுக்குது. கீழ்முனை மூக்கு மாதிரி நீண்ட சில்லுல விகிதம் குறைவா வந்து, உயரம் மறைஞ்சுபோகும். ட்யூபர்கிளைக் கீழே இறக்கற அறுவைக்கு அப்புறம் இதை அளந்து பலன் இல்லை. தசைநாண் நீளமும் சில்லு நீளமும் அப்படியே இருக்கும், விகிதம் மாறாது. பிளாக்பர்ன்-பீல்னு இன்னொரு உயர விகிதம் இருக்கு, அதன் புள்ளிகள் தெளிவு, ஆனா கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தோட சரிவு அதில கலக்கும். எல்லா விகிதத்துக்கும் தசைநாண் இழுபட்டிருக்கணும். எக்ஸ்ரேயில குறைஞ்சது 30 டிகிரி மடக்கம், கான்டைல்கள் ஒன்றன்மேல் ஒன்றாப் பொருந்தின சரியான பக்கவாட்டுப் படம். நீட்டின காலில தளர்ந்த தசைநாண் அலையலையாக் கிடக்கும், நேர்கோட்டில அளந்தா குறைவாத்தான் வரும்.

---

முட்டிச்சில்லு:

மூன்று முழங்கால்களின் ஸ்லைஸ் எண்களைப் பார்த்தோம். இரண்டில் ட்ரோக்லியா தட்டை. ஒன்றில் இருவரும் இரண்டு ஸ்லைஸ் தள்ளி எடுத்திருக்கிறார்கள். முன்னோட்டத்தில் பயன்படுத்தியது முழு உடன்பாடு வகை ஐசிசிதான், ஒரு நபருக்கு ஒரு முழங்கால்தான்.

டிடி-டிஜியைத் தொடக்க அளவாக மாற்றிவிடுகிறோம். அப்படியானால் பயிற்சியில் மாற வாய்ப்புள்ளவை சாய்வும் பைசெக்ட் ஆஃப்செட்டும்தான். அவற்றுக்கு மடக்கமும் தொடைத்தசை இறுக்கமும் எப்படி இருக்க வேண்டும்? ஒரே நபரை எழுப்பி மறுபடி படுக்கவைத்து எடுக்கும் மறு-எம்ஆர்ஐ சோதனையை எத்தனை பேரிடம் செய்தால் போதும்?

---

படமேசை (ரேடியோகிராபர்):

பொசிஷன் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காயிலுக்குள் முழங்காலுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதுதான் மடக்கத்தை முடிவு செய்கிறது. காயிலோடு வரும் மெத்தையை அப்படியே விட்டால் தொடை பருமனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோணம் வரும். குதிகாலுக்குக் கீழ் எவ்வளவு உயரம், முழங்காலுக்குக் கீழ் எந்த ஆப்பு என்று நபர்வாரியாகப் பதிந்து, இரண்டாவது முறை அதையே வையுங்கள். ஸ்கேன் தொடங்கும் முன் கோனியோமீட்டரால் கோணம் பார்க்கலாம், ஆனால் நம்ப வேண்டியது படத்தை: புலப்பரப்பைச் சற்று நீட்டி ஒரு சாஜிட்டல் லோகலைசர் (பக்கவாட்டு முன்னோட்டப் படம்) எடுத்து, தொடை எலும்பு அச்சுக்கும் கீழ்க்கால் அச்சுக்கும் இடையிலான கோணத்தை அளந்து எழுதுங்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் நபர் மேசையில் இருக்கும்போதே சரிசெய்து மறுபடி எடுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பாதத்தைக் கட்டாமல் விட்டால் அது வெளியே விழும், கீழ்க்காலும் கூடவே திரும்பும். பாதம் நேர்மேலே பார்க்கும்படி இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, பட்டையால் இறுக்காமல் நிறுத்துங்கள். காயிலின் மையத்துக்காக ஒரு காலை உள்ளே இழுத்து வைக்கும் பழக்கம்தான் மேலே சொன்ன பக்கவாட்டுச் சாய்வுக்குக் காரணம். இடுப்போடு சேர்த்து ஆளையே மேசையில் நகர்த்துங்கள்.

சில்லும் பள்ளமும் குறுக்காகத் தெரியும் எக்ஸ்ரேயும் எடுப்பதாக இருந்தால்: மெர்ச்சன்ட் முறை என்றால் 45 டிகிரி மடக்கம், கதிர் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி கீழ்நோக்கி. அதைவிட அதிகமாக மடக்கி எடுக்கும் படங்களில் சில்லு பள்ளத்துக்குள் இறங்கி நேராகிவிடும், சாய்வு உள்ளவருக்கும் இயல்பாகவே தெரியும். லாரின் சொன்ன 20 டிகிரி படம் நுணுக்கமானது, ஆனால் கால்விரல்கள் கதிரை மறைக்கும். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுப்பது கடினம்.

---

குறுக்குவெட்டு:

சாய்வுக்கு: சில்லு அகலமாகத் தெரியும் ஸ்லைசில் அதன் குறுக்கு அச்சு, அதற்கும் பின்கான்டைல் கோட்டுக்கும் இடையிலான கோணம். முன்கான்டைல்களை அடிப்படையாக எடுத்தால் தட்டை ட்ரோக்லியாவில் அந்தக் கோடே ஆடும், ஆகவே வேண்டாம். பைசெக்ட் ஆஃப்செட்டுக்கும் பள்ளத்தின் ஆழப்புள்ளி தேவை, டிடி-டிஜியின் அதே பலவீனம் இதிலும் உண்டு. முதன்மை அளவாகச் சாய்வை வையுங்கள், ஆஃப்செட் இரண்டாவது.

நீட்டிய காலில் தொடைத்தசையை இறுக்கும்போது சில்லு மேலேறும், பலரிடம் வெளிப்புறமாகச் சாயும். தளர்த்தி ஒரு வரிசை, இறுக்கி ஒரு வரிசை என்று இரண்டையும் எடுங்கள். இறுக்கிய நிலையில் 30 வினாடிக்கு மேல் அசையாமல் பிடிப்பது கஷ்டம், ஆகவே அதற்கு விரைவான வரிசை. 'முடிந்தவரை இறுக்குங்கள்' என்று சொன்னால் 12 வாரம் கழித்து வலு கூடியவர் இன்னும் அதிகமாக இறுக்குவார், சாய்வு கூடியதாகத் தெரியும். குதிகாலை எதிர்க்கும் நிலையான எடை கொடுங்கள், இரண்டு முறையும் அதே எடை.

160 மி.மீ. புலப்பரப்பு, 320 அணி (ஒரு வரிசையில் 320 பிக்சல்) என்றால் ஒரு பிக்சல் 0.5 மி.மீ. திரையில் 14.37 என்று வருவதை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், 14 போதும். ஆய்வுக்கோப்பில் மட்டும் முழு எண்ணையும் வையுங்கள்.

ட்ரோக்லியாவின் வடிவத்தை டெஜூர் வகைப்பாட்டின் நான்கு வகையாக (ஏ, பி, சி, டி) பிரித்தால் இருவருக்கு இடையே உடன்பாடு சரியும். ஏ ஒரு பக்கம், பி-சி-டி மறுபக்கம் என்று இரண்டாக வையுங்கள், தாங்கும்.

---

சராசரிவிலகல்:

மறு-எம்ஆர்ஐ: 30 பேரையும் தொடக்கத்திலேயே இரண்டு முறை எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 15 பேர், ஆனால் தட்டை ட்ரோக்லியா உள்ளவர்கள் அதில் பாதியாவது இருக்க வேண்டும். முதல் ஸ்கேன் முடிந்து நபர் எழுந்து நடந்துவிட்டு, காயிலைக் கழற்றி மறுபடி மாட்டி, ஸ்லைஸ்களைப் புதிதாகத் திட்டமிட்டு எடுக்க வேண்டும். பழைய திட்டத்தை நகலெடுத்தால் சோதனை வீண். இருவரும் இரண்டு படங்களையும் அளக்கட்டும், பெயரும் தேதியும் மறைத்து, வரிசை கலைத்து. அப்போது பிழையை 'அளப்பவர்', 'படுக்கவைத்தது' என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

பிரிப்பதன் பயன் உடனே தெரியும். பிழை முழுவதும் வாசிப்பிலிருந்து வந்தால் இருவரின் சராசரியை எடுங்கள், 1.45 என்பது 1.03 ஆகும், நபர் அளவிலான எல்லை 4.0-இலிருந்து 2.9 மி.மீ.க்கு இறங்கும். பெரும்பகுதி படுக்கவைத்ததிலிருந்து வந்தால் பத்துப் பேர் அளந்து சராசரி எடுத்தாலும் குறையாது. படமேசை சொன்ன மணல்மூட்டையும் ஆப்பும்தான் அதைக் குறைக்கும்.

இந்த எல்லை தனிநபருக்கானது. 30 பேரின் சராசரி மாற்றத்தில் அதே 1.45 மி.மீ. பிழையின் பங்கு ±0.7 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். சாய்வுக்கும் இதே கணக்கை டிகிரியில் போட்டுக்கொள்ளுங்கள். குழுவாக மாற்றம் இருப்பதைக் காட்டிவிட்டு, 'இன்னாருக்கு மாறியது, இன்னாருக்கு மாறவில்லை' என்று பிரிக்கப் போகும்போதுதான் தனிநபர் எல்லையைத் தாண்ட வேண்டும். பகுப்பாய்வுத் திட்டத்தில் இந்த இரண்டையும் தனித்தனித் தலைப்பில், தரவு வரும் முன்பே எழுதிவையுங்கள். ஆழப்புள்ளியைக் குறிக்க முடியாத முழங்கால்களுக்கு 'குறிக்க இயலாது' என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும். இருவரில் ஒருவர் அதைத் தேர்ந்தாலும் அந்த முழங்கால் டிடி-டிஜி பட்டியலிலிருந்து விலகி டிடி-பிசிஎல் பட்டியலுக்குப் போகும், எத்தனை விலகின என்ற எண்ணிக்கையும் முடிவுகளில் வரவேண்டும்.